என் போனுக்கு நானே போட்ட பூட்டு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கணவர் வீட்டை விட்டு வந்து, சிதம்பரத்தில் ஒரு மாடி அறையில் குடியேறியிருந்தேன். ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து கொடுப்பது என் தொழில். திருத்திய தாள்களை ஒரு மாணவியிடம் வாங்கிக்கொள்ளச் சேத்தியாத்தோப்புக்குப் போய்விட்டு, திரும்பும் பஸ்ஸுக்காக நின்றபோது கணவர் போன் செய்தார். பிரிந்த பிறகு அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

"சேத்தியாத்தோப்புல என்ன வேலை ஒனக்கு?"

"எப்புடித் தெரியும்?"

"தெரியும். வெய்யில்ல நிக்காத. அப்பறம் தலைவலின்னு படுத்துப்ப."

அவர் குரலில் கோபம் இல்லை. எனக்கும் வரவில்லை. பயந்ததாகக்கூட நினைவில்லை. பஸ் வந்தது, ஏறினேன். போனைக் கைப்பையின் அடியில், சீப்புக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் கீழே தள்ளிவைத்தேன்.

அந்தப் போனை வாங்கித் தந்தவர், அதில் கணக்குத் தொடங்கியவர், பாஸ்வேர்டு வைத்தவர் எல்லாம் அவர்தான். லேப்டாப்பும் அப்படியே. கல்யாணமானதிலிருந்து அதெல்லாம் அவர் வேலை. எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

மேலவீதிப் பக்கம் ஒரு சர்வீஸ் கடை. நடத்துபவள் என்னைவிடச் சற்று இளையவள். நடந்ததைக் கேட்டு, போனைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஒங்க கணக்கு ஒங்க வீட்டுக்காரர் டேப்லெட்லயும் தொறந்திருக்குக்கா. நீங்க எங்க இருக்கீங்கன்னு அதுலயே தெரியும். பாஸ்வேர்ட மாத்தி வெளிய தள்ளிடலாம். பாஸ்வேர்டு மறந்தா கேக்குறதுக்குக் குடுத்திருக்குற அவுங்க நம்பரயும் எடுத்துடலாம். ஆனா போன்ல வேற எதுனா ஒளிச்சுப் போட்டிருந்தா? எங்கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. அதுக்காக இல்லவே இல்லன்னு சொல்ல மாட்டேன். மொத்தமா அழிச்சுட்டா நிம்மதி."

"அழிச்சா எல்லாம் போயிடுமா?"

"போட்டோவும் வாய்ஸ் மெசேஜும் பென்டிரைவ்ல எடுத்துத் தரேன். மெசேஜ்ல எழுதிப் பேசுனதெல்லாம் போயிடும். பழைய பேக்கப்ப திரும்ப எறக்குனா, வேண்டாததும் சேந்து வந்துடுமோன்னு பாக்குறேன்."

காடாம்புலியூரில் இருந்த என் அம்மா அதற்கு முந்தைய வருஷம்தான் இறந்திருந்தாள். அவளுக்கு டைப் செய்ய வராது. எல்லாவற்றையும் குரலாகவே அனுப்புவாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அழிச்சிடுங்க" என்றேன்.

அடுத்தது லேப்டாப். அதில் இருந்த விண்டோஸுக்கு இனிப் பாதுகாப்பு அப்டேட் வராது, புதிய விண்டோஸை அந்தப் பழைய மெஷின் ஏற்காது என்றாள். லினக்ஸ் போட்டால் லேசாக ஓடுமாம். நான் தட்டச்சு செய்யும் பழைய தமிழ் சாஃப்ட்வேர் அதில் வருமா என்று கேட்டேன். போட்டுப் பார்த்தாள். வரவில்லை.

"யூனிகோடுக்கு மாறிடுங்களேன்."

எனக்கு வேலை தருகிறவர்கள் பழைய எழுத்துருவில்தான் கேட்கிறார்கள். விரல்களும் அந்த விசைகளுக்கே பழகியவை. கடைசியில் அதே விண்டோஸைப் புதிதாகப் போட்டுக்கொண்டு, லேப்டாப்பை இன்டர்நெட்டில் சேர்ப்பதே இல்லை என்று முடிவு செய்தேன். அச்சுக்குக் கொடுப்பதைப் பென்டிரைவில் கொண்டுபோகலாம்.

"பென்டிரைவ்லயும் வைரஸ் வரும்க்கா."

"வந்தா மறுபடி அழிச்சுக்கலாம்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அறைக்கு வந்து, அவள் பென்டிரைவில் எடுத்துத் தந்த குரல் பதிவுகளைத் திறந்தேன். ஒவ்வொன்றின் பெயரிலும் தேதியும் எண்ணும்தான் இருந்தன. யார் அனுப்பியது என்று இல்லை. ஒன்றைத் தட்டினேன். "பலாப்பழம் அறுத்து வெச்சிருக்கேன், சீக்கிரம் வந்து எடுத்துட்டுப் போ" என்றாள் அம்மா. அடுத்ததில், "வரும்போது தயிர் வாங்கியாரவா?" என்றார் அவர். இரண்டையும் ஒரே மாதிரிதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். பசித்தது. எழுந்துபோய் உலை வைத்தேன்.

போனுக்கு நீளமான எண்ணாகப் பூட்டு வைத்தேன். திரையில் எந்தச் செய்தியும் தெரியாதபடி மறைத்தேன். கைரேகை வைக்கவில்லை. நான் தூங்கும்போது என் விரலை எடுத்து வைத்து அவர் ஒருமுறை போனைத் திறந்ததுண்டு.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. வேலையைக் கொடுத்துவிடலாமென்று கிளம்பிப் போனவள், இன்னும் திறக்காத அச்சகத்து வாசலில் மயங்கி விழுந்தேன். கண் திறந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டில். நர்ஸ் கையில் என் போன் இருந்தது.

"பேரும் தெரியல, ஊரும் தெரியல. இதத் தொறக்க என்னென்னமோ பண்ணிப் பாத்தோம். அவசரத்துக்கு ஒரு நம்பர் வெக்கக் கூடாதாம்மா? பூட்டியிருந்தாலும் அந்த நம்பருக்குப் பேசலாமே."

எங்கே வைப்பது என்று நர்ஸே காட்டினார். "யாரப் போடட்டும்?"

கடலூரில் தம்பி இருக்கிறான். அவனைப் போட்டால், என்னைப் பார்க்கக் கிளம்பும் முன்பே "மாமா" என்று என் கணவருக்குத்தான் போன் போகும். பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். மாணவிகள், அச்சகம், கேஸ் ஏஜென்சி. "அப்பறம் போட்டுக்கறேன்" என்றேன்.

அறைக்குத் திரும்பியதும் கீழ் வீட்டில் இருந்த வீட்டுக்கார அம்மாவிடம் போனேன். தண்ணீர் மோட்டார் தவிர வேறெதையும் நாங்கள் பேசியதில்லை.

"அக்கா, அவசரத்துக்குன்னு ஒங்க நம்பர என் போன்ல வெச்சுக்கவா?"

"வெச்சுக்கயேன். இதப் போயி கேக்கணுமா?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு சாவியும் எங்கிட்ட குடுத்து வை. உள்ள விழுந்து கெடந்தா நான் எப்புடி வர்றது?" என்றார்.

"யோசிச்சு சொல்றேன்க்கா."

அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. ஒரு டம்ளர் ரசம் கொடுத்தார். நின்றபடியே குடித்தேன்.

பொங்கலுக்குத் தம்பி வீட்டுக்குப் போன அன்றுதான் வீட்டுக்கார அம்மாவிடம் இன்னொரு சாவியைக் கொடுத்தேன். அதைத் தன் கொத்தில் மாட்டிக்கொண்டு, "கடலூர் பஸ்ஸுல கூட்டம் ஜாஸ்தியா இருக்கும், சீக்கிரம் கெளம்பு" என்றார்.