சம்பந்தியிடம் ஒரு கேள்வி

இஸ்திரிக்கடை அம்மா ஐம்பத்திரண்டு வயதில் கொரிய மொழி படிக்கக் கிளம்பியதற்குக் காரணம் சம்பந்தியம்மாதான். கொரியாவுக்கு வேலைக்குப் போன மகள் அங்கேயே ஒருவரைக் கட்டிக்கொண்டாள். ஞாயிறுதோறும் வீடியோ அழைப்பில் சம்பந்தியம்மா கையை ஆட்டி ஆட்டி ஐந்து நிமிடம் பேசுவார். மகள் மொழிபெயர்ப்பாள்: "நல்லா இருக்கீங்களான்னு கேக்குறாங்கம்மா."

ஐந்து நிமிடப் பேச்சுக்கு இவ்வளவுதானா? மகளின் கண்கள் வேறு வீங்கியிருந்தன. கேட்டால், "தூக்கம் பத்தலைம்மா, மத்தபடி எல்லாம் சூப்பர்." பெற்ற வயிறு நம்புமா?

ஒரு மெல்லிய பாடப்புத்தகம் வாங்கினார். சட்டை மடிப்புக்கு வைக்கும் அட்டைகளில் கொரியச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதி, தேய்ப்பு மேசையில் வரிசையாக அடுக்கினார். யார், எதை, என்ன செய்கிறார். அட, 'நான் சட்டையைத் தேய்க்கிறேன்' என்று நாம் சொல்லும் அதே வரிசை! நாம் சட்டையோடு 'ஐ' சேர்ப்பதுபோல அவர்களும் ஒரு வாலை ஒட்டுகிறார்கள். வினையை நடுவில் செருகிப் பள்ளியில் ஆங்கிலம் அவரைப் படுத்திய பாடு கொஞ்சமா? கொரியத்தில் கேள்வி கேட்கக்கூடக் கடைசியில் குரலை உயர்த்தினால் போதும். மரியாதைக்கு முடிவில் ஒரு 'யோ'.

"இங்க 'யோவ்'னா அடிதடி, அங்க 'யோ'ன்னா மரியாதையா? நல்ல ஊருடி!" என்று கணவர் சிரித்தார்.

நான்கு மாதம் ஒரே கேள்வியைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். அந்தப் பயிற்சியில் ஒரு வெள்ளைச் சட்டையின் காலர் கருகியது.

அன்று அழைப்பின் நடுவே, வாசலில் பார்சல் வந்திருக்கிறது என்று மகள் எழுந்து போனாள். அம்மா திரைக்கு அருகே குனிந்தார். கொரிய மொழியில் கேட்டேவிட்டார்: "என் மகள் அங்கே அழுகிறாளா?"

சம்பந்தியம்மா திகைத்துப்போனார். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு, குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "சாயங்காலம் அழுகிறாள். அம்மாவை நினைக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்கிறேன்."

ஒரு சொல் விடாமல் புரிந்தது. அம்மாவின் கண்கள் நிறைந்தன. ஆனால் இத்தனை மாதமாக நெஞ்சை அழுத்திய கல் இறங்கிவிட்டது. மகள் அழுகிறாள்தான். தனியாக அழவில்லை.

மகள் பார்சலோடு திரும்பினாள். இரண்டு அம்மாக்களும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா ஆச்சு? என்ன பேசினீங்க ரெண்டு பேரும்?"

"உனக்கெதுக்குடி? சம்பந்திங்க நாங்க ஆயிரம் பேசிக்குவோம்."