கழிவுத் தொட்டியின் மூடி

என் கடையில் கல்லாவுக்கு மேலே சுவரில் ஒரு வெள்ளைக் கட்டம் இருக்கிறது. சுற்றிலும் சுவர் எண்ணெய்ப் புகையில் பழுத்துவிட்டது. பல வருஷம் ஒரு படம் தொங்கிய இடம் மட்டும் நேற்றுப் பெயின்ட் அடித்தது மாதிரி நிற்கிறது. படத்தில் இருந்தது ஆல்பட்ராஸ் என்கிற பெரிய கடற்பறவை. புல் மேட்டில் கூடு, கூட்டில் சாம்பல் பஞ்சு மாதிரி ஒரு குஞ்சு, பக்கத்தில் தாய். தாயின் காலில் ஒரு உலோக வளையம்.

நான் ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. நாகப்பட்டினத்துக் கரையில் பிறந்தவன். இன்றைக்கு நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்தின் த்ரீ கிங்ஸில் சொந்த மீன் கடை, லின்ஃபீல்டில் சொந்த வீடு. ஒருத்தர் கையையும் பிடித்து மேலே வந்தவன் இல்லை. படித்த பிள்ளைகள் கம்ப்யூட்டரோடு வந்து இறங்கிய ஊரில் நான் ஒரு கத்தியோடு வந்து இறங்கினேன். கடை வைப்பதற்கு முன் ஏழு வருஷம் தெற்குக் கடலில் தூண்டில் கப்பலில் வேலை. இந்த ஊரின் பெயரையே வைத்துக்கொண்டு தெற்கே, பனிக்கடலுக்குப் போகிற வழியில், ஆள் இல்லாத தீவுகள் இருக்கின்றன. அந்தப் பக்கம் அலை கப்பலைவிட உயரமாக வரும். அங்கே நின்று ஒரு கையால் மீன் அறுத்தவன் நான். என் வேகத்துக்கு அந்தக் கப்பலில் ஆள் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, கேப்டனே சொன்னார்.

அந்தக் கப்பலில்தான் மாஸ்டர் வந்து ஏறினார். யாழ்ப்பாணத்துக்காரர், விலங்கியல் படித்தவர், அதனால் நான் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவேன். கப்பல் என்ன பிடிக்கிறது, எந்தப் பறவை தூண்டிலில் மாட்டிச் சாகிறது என்று பார்த்து எழுத அரசாங்கம் அனுப்பிய ஆள். கப்பலில் தமிழ் பேச நாங்கள் இரண்டு பேர்தான். "கையில ஒரு நாளாவது மீன் நாத்தம் படட்டும் மாஸ்டர்" என்று நான் சீண்டுவேன். "நீங்கள் கடலைப் பற்றிக் கதைக்கிற அளவுக்குக் கடலே கதைக்காது, அண்ணை" என்பார். குளிரில் மூக்கு சிவந்து, கம்பளிக் குல்லாய்க்குள் முகம் சுருங்கி, பின்தளத்தில் மணிக்கணக்கில் நிற்பார். அந்தத் தீவுகளில் ஒன்றில் அந்த வருஷக் கோடை முழுக்கத் தங்கிப் பறவைகளுக்கு வளையம் போட்டவர். குஞ்சு கிட்டத்தட்ட ஒரு வருஷம் கூட்டிலேயே உட்கார்ந்திருக்குமாம். பனிமழையிலும் நகராதாம். தாயும் தகப்பனும் மாறி மாறிக் கடலுக்குப் போய் இரை கொண்டுவர வேண்டும். ஒன்று போய்விட்டால் மற்றதால் ஈடுகொடுக்க முடியாது.

எங்கள் தூண்டில் என்றால் ஆயிரக்கணக்கில் முள் கட்டி இரை குத்திய நீளக் கயிறு, அதை இறக்குவதற்கு ஒரு முறை உண்டு. இறக்கும்போது கப்பலுக்குப் பின்னால் நிற நாடாக்கள் தொங்கும் கயிறு ஒன்று இழுபடும், பறவைகளை மிரட்ட. அந்த நேரத்தில் மீன் குடல், தலை எதையும் கடலில் போடக்கூடாது. எல்லாம் தொட்டிக்குள் போய் மூடி இறுக்கப்பட வேண்டும். ஒரு பிடி கழிவு விழுந்தால் போதும், வானத்தில் இருக்கிற பறவை எல்லாம் இறங்கும். இரையோடு தூண்டிலையும் விழுங்கும். தூண்டில் அதைக் கீழே இழுத்துக்கொண்டு போகும். தொட்டிக்கும் மூடிக்கும் பொறுப்பு நான்.

அந்தக் குளிர்காலத்தில் மூன்று நாள் மீனே இல்லை. கேப்டன் யாரோடும் பேசவில்லை. எங்கள் கரையில் மீன் படாத நாட்களில் வலை இறக்கும் முன் கடலம்மாவுக்கு ஒரு பிடி சோறும் மீன் தலையும் போடுவோம். என் அப்பா போட்டார், நானும் போட்டிருக்கிறேன், அடுத்த நாளே படகு நிறைந்ததும் உண்டு. நாலாம் நாள் காலை தூண்டில் இறங்கிக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து சோறு எடுத்தேன். அதோடு ஒரு வாளி தலையும் குடலும். "தாயே, இவங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்" என்று சொல்லிப் பக்கவாட்டுத் துவாரம் வழியாகக் கொட்டினேன். என்னால்தான் கப்பல் நிறையப் போகிறது என்று நெஞ்சு நிமிர்ந்தது.

தூண்டில் கயிறு திரும்பி ஏறியபோது முதல் மீனுக்கு முன்னால் பறவை வந்தது. தண்ணீர் குடித்து ஒரு ஆள் பாரம் கனத்தது. மற்றவர்கள் கொக்கியால் இழுக்கப் போனார்கள். நான்தான் தடுத்து, இரண்டு கையாலும் ஏந்தித் தளத்தில் வைத்தேன். மாஸ்டர் குனிந்து கால் வளையத்தைத் துடைத்து எண்ணைப் படித்தார். பிறகு மறுபடி படித்தார்.

"இது நான் வளையம் போட்டது, அண்ணை. குஞ்சு இருக்கு." நிமிர்ந்து, "ஆர் கழிவு போட்டது?" என்றார்.

"யாரும் போடல மாஸ்டர். தொட்டி மூடி ஒழுகுது போல."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் பறவையை ஏந்தி வந்ததைப் பார்த்த கண் அது. நம்பினார். அப்படியே எழுதினார்.

அன்றிலிருந்து தூண்டில் இறங்கும்போதெல்லாம் அவர் பின்தளத்துக்குப் போவதற்கு முன் தொட்டியடிக்கு வருவார். அலை நேராக வந்து அடிக்கும் மூலை அது. ஒழுகாத மூடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பார். "விடுங்க மாஸ்டர், நான் பாத்துக்கிறேன்" என்று எத்தனை முறை சொன்னேன். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. எட்டாம் நாள் ஒரு பெரிய அலை அவரைத் தூக்கி இரும்புத் தூணில் அடித்தது. வலது முழங்கால் நொறுங்கிவிட்டது. ப்ளஃப் துறைமுகத்துக்குத் திரும்ப இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் அவருக்குக் கஞ்சி ஊட்டியவன் நான்தான்.

அதற்குப் பிறகு அவரால் எந்தத் தீவிலும் ஏற முடியவில்லை. ஆக்லாந்தில் பாலத்துக்கு அந்தப் பக்கம், கிளென்ஃபீல்டில் மனைவியோடு குடியிருந்தார். நான் கடை திறந்த வருஷம் தடி ஊன்றி வந்து அந்தப் படத்தைக் கொடுத்தார். தீவில் இருந்தபோது அதே பறவையையும் அதன் குஞ்சையும் அவரே எடுத்தது. அவருக்குப் பதிலாகத் தீவுக்குப் போன ஆள் கூட்டைத் தேடிப் பார்த்தாராம். "குஞ்சு எழும்பிப் போகேல்லை, அண்ணை. கூட்டிலேயே இருந்து செத்திருக்கு. எலும்பும் கொஞ்சம் பஞ்சும்தான் மிச்சம்." பிறகு, "தாயைக் கையில ஏந்தினது நீங்கள்தானே, உங்களிட்டயும் ஒண்டு இருக்கட்டும்" என்றார். நான் அவருக்கு நல்ல துண்டாகப் பார்த்து மீன் பொரித்துக் கொடுத்தேன்.

படத்தை மாட்டினேன். கேட்டவர்களுக்கெல்லாம் கதை சொன்னேன்: நான் போன கடல், நான் பார்த்த பறவை, என் தோள் உயரத்துக்குச் சிறகு. கடை முழுக்க வாய் பிளந்து கேட்கும்.

போன மாதம் படத்தைக் கழற்றிக்கொண்டு பாலம் தாண்டி அவர் வீட்டுக்குப் போனேன். ஏன் அன்றைக்கு என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எனக்கு இருதயத்தில் அடைப்பு என்று டாக்டர் சொன்ன வாரம் அது. உட்காராமலே சொன்னேன், சோறு, வாளி, எல்லாம்.

"அப்ப மூடி ஒழுகேல்லையோ?"

"ஒரு நாளும் ஒழுகல மாஸ்டர்."

அவர் கை முழங்காலுக்குப் போனது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "நான் அதில நிண்டனான், அண்ணை" என்றார். அவ்வளவுதான். அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். இரண்டு பேரும் தொடவில்லை. படத்தை அவர் மடியில் வைத்துக்கொண்டார். திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை.

சுவருக்குப் பெயின்ட் அடித்துவிடலாம் என்கிறான் மகன். வேண்டாம் என்றுவிட்டேன். போன சனிக்கிழமை பழைய வாடிக்கையாளர் ஒருவர் அந்தக் கட்டத்தைக் காட்டி, "அண்ணா, உங்க பறவை எங்க பறந்து போச்சு?" என்றார்.

"செத்துப்போச்சு. நான்தான் கொன்னேன்" என்றேன்.

வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். என் கதைகளுக்குச் சிரித்துப் பழகியவர்கள்.