முழங்கைப் பட்டையில் தேங்காய் நார்

திண்டிவனத்தில் கட்டட வரைபடங்கள் போடும் ஓர் அலுவலகத்தில் அப்போது வேலை பார்த்தேன். விழுப்புரத்திலிருந்து தினமும் ரயிலில் போய் வருவேன். நாள் முழுக்க மவுஸைப் பிடித்ததில் வலது முழங்கையின் வெளிப்புறம் விண்விண் என்று தெறித்தது. பிசியோதெரபி பார்த்த பெண் ஒரு பட்டையைக் கொடுத்து, மாட்டவும் சொல்லிக்கொடுத்தார். வலிக்கிற எலும்பின்மேல் கட்டக் கூடாது. அதற்கு இரண்டு விரல் கீழே, சதையின்மேல் கட்ட வேண்டும். தூங்கும்போது கழற்றிவிட வேண்டும். துணி பிழிவது, குடம் தூக்குவது, மாவு பிசைவது, தேங்காய் துருவுவது எல்லாம் கொஞ்ச நாளைக்கு வேண்டாம்.

எதையும் வரிசையாக எழுதிவைத்தால்தான் எனக்கு நிம்மதி. செய்யக் கூடாதவற்றை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன்.

"இன்னாம்மா, இதுல சாப்புடறத மட்டும் உட்டுட்டியா?" என்று மாமியார் சிரித்தார். நானும் சிரித்தேன். கணவருக்கு வெளியூரில் வேலை. வீட்டில் நாங்கள் இருவர்தான். அப்படியும் அந்த வேலைகள் யார் கைக்குப் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் வலி குறைந்துவந்தது. ஒரு நாள் ரயிலில் பட்டையை மாட்டும்போது அதன் ஒட்டுப் பகுதியில் ஏதோ சிக்கியிருப்பதைப் பார்த்தேன். தேங்காய் நார். நான் தேங்காயைத் தொட்டே பல நாளாகியிருந்தது. ஓரத்தில் மாவும் காய்ந்திருந்தது. திண்டிவனம் வரும்வரை அந்த நாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் விடியலில் சமையலறைக்குப் போனேன். மாமியார் என் பட்டையைத் தன் முழங்கை எலும்பின்மேலேயே இறுக்கிக் கட்டிக்கொண்டு, அரிவாள்மனையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கை நின்றது.

"நீ எய்ந்திருக்கறதுக்குள்ள எடுத்த எடத்துலயே வச்சிடலாம்னு பாத்தேன்."

"வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அத்த?"

"உன் கைக்கு அந்தம்மா லீவு குடுத்தாங்க. என் கைக்கு யாரு குடுத்தா? வலிக்குதுன்னு சொல்லிக்கினு குந்தியிருந்தா உனக்கு டப்பா யாரு கட்டறது?"

பக்கத்தில் உட்கார்ந்து பட்டையைக் கழற்றினேன். எலும்பின்மேல் சிவப்பாகத் தடம் பதிந்திருந்தது. இரண்டு விரல் கீழே வைத்துக் கட்டினேன். விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"அட, தேவலயே!" என்று மறுபடியும் தேங்காய் மூடியை எடுத்தார்.

"பட்டை கட்டனா வேலை செய்யலாம்னு அர்த்தமில்ல அத்த."

"பின்ன எதுக்கும்மா கட்டறது?"

நானும் அதைக் கட்டிக்கொண்டுதான் அலுவலகம் போய்க்கொண்டிருந்தேன். மூடியை வாங்கிக்கொண்டு, அவரை நகரச் சொல்லி அரிவாள்மனையில் உட்கார்ந்து இடது கையால் துருவினேன். பாதி தரையில் விழுந்தது. அவர் குனிந்து, பட்டை கட்டிய கையாலேயே அதை அள்ளிக் கிண்ணத்தில் போட்டார்.