செப்புக் கம்பி போட்ட நாள்

எதைத் தொடுவதானாலும் காளியப்பன் முதலில் புறங்கையால்தான் தொடுவார். கதவுத் தாழ்ப்பாள், கோப்பிக் குவளை, காய்ச்சல் வந்த பிள்ளையின் நெற்றி, எல்லாம் அப்படித்தான். உள்ளங்கையால் தொட்டால் கரண்டு கையை மடக்கிப் பிடித்துக்கொள்ளும் என்பார். கல்யாணமாகி ஒன்பது வருஷமாகக் கருப்பாயி அதைப் பார்த்து வந்தாள்.

பெக்கான் நானாஸ் என்ற ஊரில் அன்னாசிப் பழம் டின்னில் அடைக்கும் ஆலையில் அவருக்குப் பியூஸ் பலகை வேலை. அவளுக்குத் தோல் கூட்டும் வேலை. விளக்குக்குத் தலைமுடி போன்ற ஈயக் கம்பி, மூடி அழுத்தும் மோட்டாருக்குச் சற்றுத் தடித்த கம்பி. இரண்டும் பீங்கான் கட்டைக்குள் இருக்கும். உருகினால் அவரே வேறு கட்டுவார். பெரிய பம்புக்கு மட்டும் சிங்கப்பூரிலிருந்து மணல் அடைத்த குழல் வரும். போனால் தூக்கி எறிய வேண்டியதுதான்.

"எல்லாம் உருகறதுக்குன்னே செஞ்சது புள்ள. கம்பி போச்சுன்னா எங்கயோ கோளாறு" என்று ஒருமுறை சொன்னார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம், ஒரு வாரமாக மத்தியானம் ஆனால் மோட்டார் பியூஸ் போனது. அவர் கம்பியெல்லாம் தடவிப் பார்த்தார். கோளாறு கிடைக்கவில்லை.

"என்ன காளியப்பா, உன் பியூஸுக்கும் சோத்து நேரம் தெரியுதா?" என்றார் ஆலைக் கணக்கையும் ஆட்களையும் பார்க்கும் மணியம் கிராணி. எல்லாரும் சிரித்தார்கள். கிராணி சிரிக்கவில்லை. "கப்பலுக்குச் சரக்குப் போகணும். இன்னொரு தரம் மிஷின் நின்னா மூட்டையக் கட்டு. ஆலை வீட்டையும் காலி பண்ணிடு."

கருப்பாயி ஒன்றைக் கவனித்திருந்தாள். சாப்பாட்டு மணிக்கு முன்னால், பழம் நறுக்கும் ராஜம்மா தன் மேசையைக் கழுவி விடுவாள். தண்ணீர் சுவரோரம் வழிந்து, கரண்டுக் கம்பி போகும் குழாய்க்குள் இறங்கும். பிறகுதான் மோட்டார் நிற்கும். மூன்று நாள் பார்த்தாள். அவருக்குத் தெரியாததா என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

நாலாம் நாள் காலை அவர் மோட்டார் கட்டையில் ஈயக் கம்பியை எடுத்துவிட்டு, லேசில் உருகாத செப்புக் கம்பியை முறுக்கி வைத்தார்.

அன்று பியூஸ் போகவில்லை. மத்தியானம் தாண்டியும் மோட்டார் ஓடியது. ராஜம்மா ஈரக் கையோடு மேசையின் இரும்புக் காலைப் பிடித்தாள். பிடித்த கை விடவில்லை. யாரோ ஓடிப்போய் மெயினை இறக்குவதற்குள் அவள் போய்விட்டாள்.

விசாரணைக்கு அதிகாரி வருவதற்குள் கிராணி செப்புக் கம்பியை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டார். "ஈயத்தக் கட்டு" என்றார். காளியப்பன் கட்டினார். அதிகாரி பலகையைப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று எழுதிப் போனார்.

ராஜம்மாவை எரித்துவிட்டுத் திரும்பிய காளியப்பன் தலைக்கு ஊற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். அப்போதுதான் கருப்பாயி தண்ணீர் விஷயத்தைச் சொன்னாள்.

"எத்தன நாளா தெரியும்?"

"மூணு நாளா."

"ஏன் சொல்லல?"

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அவர் ஈரத் துண்டைப் பிழிந்தார். பிழிந்த துண்டையே மறுபடி பிழிந்தார். தனக்கு அழுகை வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. உள்ளே போய் உலை வைத்தாள்.

கம்பிக் குழாயை அந்த வாரமே மாற்றிவிட்டார்கள். வேலை போகவில்லை, வீடும் போகவில்லை. காளியப்பன் இன்னும் அதே பலகையைத்தான் பார்க்கிறார். ராஜம்மாவின் மேசையைக் கருப்பாயி கழுவுகிறாள்.