குழாய்க்குள் தங்கச்சி கல்யாணம்

கல்யாணமான புதிதில், எழுபதுகளின் கடைசியில், நானும் என் வீட்டுக்காரரும் மாமியாரோடு லகாட்டில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரருக்குப் பக்கத்து ஊரான ஈப்போவில் ஓர் அச்சகத்தில் வேலை. பழைய பெரிய கேமரா ஒன்று வைத்திருந்தார். அதற்குச் சுருள் ஃபிலிம் கிடையாது. தாள் மாதிரி ஒவ்வொன்றாக வரும். குளியலறைதான் எங்கள் இருட்டறை.

தண்ணீர் பைப்பை அறுத்து, இரண்டு பக்கமும் மூடி போட்டு, இருட்டில் ஒரு குழாய்க்கு ஒரு ஃபிலிமைச் சுருட்டி நுழைப்பார். ஃபிலிம் கழுவும் மருந்தை ஊற்றி மூடிவிட்டால் விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். பிறகு வாளித் தண்ணீரில் குழாயை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சப்பாத்தி தேய்க்கிற கை என்று சொல்லி அந்த வேலையை என்னிடம் தள்ளிவிட்டார்.

எவ்வளவு நேரம் உருட்டுவது என்பதில்தான் சண்டை. பெட்டியில் போட்டிருந்த நேரம் குளிர் நாட்டுக்காரர்களுக்கானது. எங்கள் வீட்டுத் தண்ணீர் மதியத்தில் ஆறிய டீ போல வெதுவெதுப்பாக இருக்கும். கோப்பிக்கடையில் ஐஸ் வாங்கிவந்து போடுவோம். அதோடு, கடும் வெயிலில் எடுத்த படத்தைச் சீக்கிரம் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளையெல்லாம் வெந்து வெறுமையாகிவிடும்; மப்பு நாளில் எடுத்ததைக் கூடுதலாக உருட்ட வேண்டும். கொடியில் காயும் வெள்ளைச் சட்டைகளைப் படமெடுத்துத்தான் இதெல்லாம் பழகினோம்.

அப்போதுதான் என் தங்கச்சி பாரிட் புந்தார் பையன் ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். நாங்கள் வேதக்காரர்கள், பையன் இந்து. எங்கள் அப்பா சித்தியவான் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி. "நான் வரமாட்டேன்" என்று சொன்னவர் பேச்சையும் நிறுத்திவிட்டார்.

பதிவுத் திருமணம் முடிந்து, மாப்பிள்ளை வீட்டு வாசலில் படத்துக்கு எல்லாரும் நின்றோம். உச்சி வெயில். தங்கச்சி வெள்ளைச் சேலையில் பளபளத்தாள். அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிள் சத்தம். அப்பா! யாரிடமும் பேசாமல் எங்களுக்குப் பின்னால் போய், வராந்தா நிழலில் நின்றுகொண்டார்.

"அப்பா, கிட்ட வாங்க" என்றாள் தங்கச்சி.

"பரவால்ல. நீ முன்னால பாரு."

என் வீட்டுக்காரர் என்னருகே வந்து முணுமுணுத்தார். "அலாமாக், மாமா இருட்டுல நிக்கிறாரு. அவருக்குப் பார்த்து வெளிச்சம் விட்டா உன் தங்கச்சி சேலை வெந்துடும்லா."

இருந்தாலும் அப்பாவுக்குப் பார்த்தே வெளிச்சம் விட்டு, ஒரே மாதிரி இரண்டு படம் எடுத்தார்.

மறுநாள் முதல் ஃபிலிமை வழக்கமான நேரத்துக்கு உருட்டினோம். வெளியே மாமியார் குளியலறைக் கதவைத் தட்டித் தட்டிக் களைத்துப்போய், பக்கத்து வீட்டுக்குக் குளிக்கப் போய்விட்டார். நெகட்டிவில் சேலை ஒரே கறுப்பாக நின்றது. பிரிண்ட் போட்டால் சுண்ணாம்பு அடித்த சுவர்தான்.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று.

"கால்வாசி நேரத்தக் குறைப்போம்" என்றார்.

"மூணுல ஒரு பங்கு குறைங்க. அந்த வெயில்ல எனக்கே கண்ணு கூசிச்சு."

"ரொம்பக் குறைச்சா மாமா மூஞ்சி மங்கிடும்லா."

"மங்கினா பிரிண்ட்ல இழுத்துக்கலாம். சேலை வெந்துட்டா என்ன செய்வீங்க?"

அவர் கடிகாரத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். முள்ளைப் பார்த்துக்கொண்டே உருட்டினேன். என் கணக்குப்படி நிறுத்தவேண்டிய நேரம் வந்தபோது, அப்பா முகத்துக்காக இன்னும் கொஞ்சம் உருட்டலாமா என்று ஆசையாக இருந்தது. உருட்டவில்லை.

பிரிண்டில் சேலையின் பூவேலை ஒவ்வொன்றும் தெரிந்தது. நிழலில் அப்பாவும் தெளிவாக இருந்தார். நாங்கள் எல்லாரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க, அவர் மட்டும் தங்கச்சியின் பின்னந்தலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

தங்கச்சி படத்தை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். அந்த வாரமே புருஷனைக் கூட்டிக்கொண்டு சித்தியவானுக்குப் பஸ் ஏறினாள்.

அப்பா கதவைத் திறந்து, "சாப்டீங்களா?" என்று மட்டும்தான் கேட்டாராம். மாப்பிள்ளை வெட்கப்படாமல் இரண்டு தட்டு சாப்பிட்டிருக்கிறார்.