நான் சாகாமல் போன ஆட்டம்

போனில் சுடுகிற ஆட்டத்தில் அரியலூர் மாவட்டத்திலேயே என்னை ஜெயிக்க ஆள் கிடையாது. சும்மா சொன்னேன். இறங்கின இரண்டாவது நிமிடம் செத்துவிடுவேன்.

எங்கள் போன் கடை ஓடுவதே அதனால்தான். இங்கே யாரும் கேமராவைக் கேட்பதில்லை. அந்த ஆட்டத்தை ஹேங் ஆகாமல் ஆடிக் காட்டினால்தான் வாங்குவார்கள். விலை குறைந்த போன் ஐந்து நிமிடத்தில் சூடாகி நின்றுவிடும். அதற்குள் நான் செத்துவிடுவதால் யாருக்கும் தெரியாது.

நேற்றுக் காலை முதலாளி சொல்லிவிட்டார்: "இன்னைக்கும் ஒண்ணும் விக்கலன்னா நாளைலேர்ந்து வராதடா."

மதியம் ஆண்டிமடத்திலிருந்து ஒரு முந்திரி வியாபாரி வந்தார். ஆடிக் காட்டினேன். கெட்ட நேரம், நான் சாகவில்லை. நாலு நிமிடம் தாண்டியது. போன் கையைச் சுட்டது.

"பின்றீங்களே தம்பி! கடைசி வரைக்கும் ஆடுங்க" என்றார் அவர்.

வேண்டுமென்றே வெட்டவெளியில் போய் நின்றேன். ஒருத்தனும் சுடவில்லை. படம் லேசாகத் திக்கியது. மலையுச்சிக்கு ஓடி, குதித்துச் செத்தேன்.

"அடடா, ஜெயிக்க வேண்டியது!" என்று வருத்தப்பட்டபடியே வாங்கிப் போனார். வேலை தப்பியது. அப்புறம் நான்...

"டேய், அங்க என்னடா எழுதிக்கிட்டிருக்க? நேத்து வந்த முந்திரிக்காரரு போனத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறாரு. நீயே வந்து பதில் சொல்லு!"