அண்ணாச்சியின் மொட்டை

தி. நகரில் ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் மேட்சிங் சென்டர் வைத்திருக்கிறார் ஜவஹர் அண்ணாச்சி. எந்தப் புடவையை நீட்டினாலும் அதற்கேற்ற ரவிக்கைத் துணியை அலமாரியிலிருந்து பட்டென்று உருவிப் போடுவார். கண் அப்படி. அந்தக் கண்ணுக்குத் தன் தலை மட்டும் பிடிக்காமல் போயிற்று. நாற்பதைத் தாண்டியதுமே முன்னந்தலை காலி. போன தீபாவளிக் கூட்டத்தில் ஒரு கல்லூரிப் பெண் தன் அம்மாவிடம், அந்தத் தாத்தாகிட்ட கேளும்மா என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அடையாறில் முடி நடும் கிளினிக் ஒன்றுக்குச் சத்தம் காட்டாமல் போய் விசாரித்தார். பின்மண்டையிலிருந்து முடியை வேரோடு ஒவ்வொன்றாக எடுத்து முன்னால் நடுவார்களாம். முதலில் தலையை மழிக்க வேண்டும். நட்ட இடமெல்லாம் பொருக்குத் தட்டி, அது உதிரும்வரை தலையில் கை படக்கூடாது. வீட்டில் தெரிந்தால் சிரிப்பார்களே என்று கூச்சம். வருஷா வருஷம் சரக்கெடுக்கப் போகிற ஆள்தானே, மனைவி இசக்கியம்மாளிடம் சூரத் என்று சொல்லிவிட்டு மயிலாப்பூர் வீட்டிலிருந்து பெட்டியோடு கிளம்பினார். கிளம்பி, அடையாறில் ஒரு வாடகை அறையில் போய்ப் படுத்துக்கொண்டார்.

நட்ட புண் ஆறுவதற்குள் இசக்கியிடமிருந்து போன் வந்தது. தெருவில் இளநீர்க்காரர் தமிழில் கூவுவது கேட்டுவிடக் கூடாதே என்று ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் எடுத்தார். மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுவதாகவும், ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்வதாகவும் சொன்னாள்.

"பயமா இருக்கு. நீங்க கூட இருந்தா தேவலைன்னு இருக்கு."

அவர் கை தானாகத் தலைக்குப் போய், தொடக்கூடாது என்று ஞாபகம் வந்து பாதியில் நின்றது. இந்தப் பொருக்குத் தலையோடு எப்படிப் போய் நிற்பது? சரக்கு இன்னும் லோடு ஆகவில்லை, ஆனதும் ஓடி வந்துவிடுகிறேன் என்றார். அவள் நம்பினாள். பக்கத்து வீட்டு ஜலஜாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். வெறும் கொழுப்புக் கட்டிதான் என்று முடிவு வந்த அன்று அண்ணாச்சி அந்த அறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அப்போதாவது கிளம்பியிருக்கலாம். பொருக்கு உதிர்ந்த பிறகுதான் கிளம்பினார்.

கதவைத் திறந்த இசக்கி அவர் தலையைப் பார்த்தாள். பொடுகு, சூடு என்று ஒரு கதை தயாராக வைத்திருந்தார். அதற்கு வேலையே வரவில்லை.

"எனக்காவ வேண்டிக்கிட்டீயளா?" என்றாள். "நேரா வடபழனிக்குப் போயிட்டா வாரீய?"

அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான் பொய். அவள் அழுதுகொண்டே சந்தனம் குழைத்து வந்து மொட்டையில் பூசினாள். அந்த நேரத்திலும், முன்பக்கம் அழுத்தித் தேய்த்துவிடுவாளோ என்றுதான் அவருக்குப் பதறியது. பிற்பாடு அவர் தன்னை அதிகமாக வெறுத்தது அந்தப் பதற்றத்துக்காகத்தான்.

அவர் கொடுத்திருக்கும்போது தான் சும்மா இருப்பதா என்று இசக்கியும் மொட்டை போடக் கிளம்பினாள். இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. பெண் பார்க்கப் போன அன்று அவர் கண் முதலில் நின்றது அதன்மேல்தான். நுனியில் கொஞ்சம் வெட்டிப் பூமுடி கொடுத்தால் போதும் என்று கெஞ்சிப் பார்த்தார். சாமியிடம் பேரம் பேசக்கூடாது என்றுவிட்டாள். வடபழனியில், தண்ணீர் தெளித்த தலையை அவள் தாழ்த்தியபோது எல்லாவற்றையும் சொல்லிவிட அவருக்கு வாய் வரை வந்தது. அதற்குள் கத்தி ஓடிவிட்டது. விழுந்த முடியை மிதித்துவிடாமல் தள்ளி நின்றுகொண்டார்.

சில மாதம் கழித்து, நட்டது முளைத்தது. வழுக்கையாக இருந்த இடத்தில் கருகருவென்று அரும்பு. இசக்கிக்குத் தலைகால் புரியவில்லை. கொடுத்ததை முருகன் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்று தெருவெல்லாம் சொன்னாள். ஜலஜா தன் வழுக்கைத் தலைக் கணவரை வடபழனிக்குக் கூட்டிப் போக நாளே பார்த்துவிட்டாள்.

ஒரு காலையில் அவர் கண்ணாடி முன் நிற்க, இசக்கி பின்னால் வந்து அந்த அரும்பைத் தடவிப் பார்த்துக் கும்பிட்டாள். அவள் தலையில் முடி இன்னும் கட்டக்கூட நீளவில்லை. அவருக்குத் தாங்கவில்லை.

"முருகன் குடுக்கல இசக்கி. இது நட்டது."

கிளினிக், சூரத், தலையாட்டல் என்று ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் போன் பண்ணப்போ எங்க இருந்தீய?"

"அடையார்ல."

அவள் கை பின்னங்கழுத்துக்குப் போயிற்று, சடை இருந்த இடத்துக்கு.

"அடையார்லயா," என்றாள். "ஒரு ஆட்டோவுல வந்திருக்கலாம்லா."